பேர் சொல்லிக் காய் விற்ற அக்கா

ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் காய் விற்கிறவர்கள் எல்லோரும் காயின் பேரைச் சொல்லித்தான் கூவுவார்கள். அக்கா மட்டும் அந்தக் காய்க்குப் பாடுபட்ட பொம்பளையின் பேரையும் சேர்த்துக் கூவும்.

"ரத்னம்மா நட்ட கத்திரிக்கா! வெங்கடம்மா களை எடுத்த வெண்டக்கா! சின்னத்தாயி விடிகாலைல பறிச்ச கீரை, பனிகூட இன்னும் காயல, வாங்க, வாங்க!"

மார்க்கெட் வாசலுக்கு எதிரில்தான் என் சைக்கிள் கடை. வாடகைக்கு விடுவேன், பஞ்சர் ஒட்டுவேன், சக்கரத்தில் கோட்டம் எடுப்பேன். அறுபதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமான புதிது. காலையில் கடையைத் திறந்து காற்றடிக்கிற பம்பை வெளியே வைப்பதற்குள் அக்காவின் குரல் வந்துவிடும். தங்கம் எடுக்கிற மைன்ஸில் ஷிப்டுக்கு ஊதுகிற ஊதலுக்கு அடுத்தபடி இந்தப் பேட்டையில் பெரிய சத்தம் இதுதான் என்பாள் என் மனைவி.

ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த குமாஸ்தா ஒருவர் அக்காவிடம் கத்திரிக்காய் வாங்கிப் போனார். அடுத்த வாரம் பையோடு வந்து நின்றார்.

"ஏம்மா, அந்த ரத்னம்மா ரகம் இருக்கா? ரொம்ப நல்லா இருந்துது. அதோட விதை எங்க கிடைக்கும்? எங்க ஊருக்கு அனுப்பணும்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தது. "ரகம் இல்ல சாமி. அது பொம்பள. பேத்தமங்களா ஊர்ல கீறா. அவள அனுப்பறதுக்கில்ல, எனக்கே ஆளு பத்தல."

மார்க்கெட்டே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அந்தக் குமாஸ்தாதான். அதற்கப்புறம் அவர் காய் வாங்க வந்தால் முதலில், "ரத்னம்மா சௌக்கியமா?" என்று கேட்பார். அக்காவும், "சௌக்கியம் சாமி. நேத்து அவ பசு கன்னு போட்டுது" என்று உள்ளபடி பதில் சொல்லும். அவர் ரத்னம்மாவை ஒரு நாளும் பார்த்ததில்லை.

அக்கா இருந்தது மைசூர் மைன்ஸ் பக்கத்து லைன் வீட்டில். வீட்டுக்காரருக்குச் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. மேலே இருந்து பாறை இறங்காமல் இருக்கக் கட்டை நிறுத்துவார்கள் அல்லவா, அது. அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து அக்கா பேசியது. முதலில் குழாயடியில் வீணாகிற தண்ணீரில் கொத்தமல்லியும் சிறுகீரையும் போட்டுக்கொண்டிருந்தது. அங்கே சிமெண்ட் பூசிவிட்டார்கள். கையைச் சும்மா வைத்திருக்க அக்காவால் முடியவில்லை.

"இந்தக் குழாய்த் தண்ணி எங்க இருந்து வருது? பேத்தமங்களாவுல இருந்துதானே? அப்ப நான் அங்கியே போறேன்" என்று கிளம்பிவிட்டது.

அந்த ஊர் ஏரிக்குக் கீழே ஒரு கவுடரிடம் துண்டு நிலம் வாரத்துக்குக் கேட்டது. விளைவதில் அவருக்கு ஒரு பங்கு கொடுத்துவிடுவதாகப் பேச்சு. நல்ல மனிதர்தான், ஆனால் பொம்பளையிடம் நிலத்தைப் பற்றிப் பேசிப் பழக்கமில்லாதவர். "புருஷனைக் கூட்டிக்கொண்டு வா" என்றார். அக்கா அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரைக் கூட்டிப் போய் நிறுத்தியது. கவுடர் மண்ணைப் பற்றி, மடையைப் பற்றி, பங்கைப் பற்றி அவரிடம் விளக்கமாகச் சொல்லி முடித்து, "என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். மனிதர் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு இன்னா தெரியும்ங்க? கேஜ்ல சுரங்கத்துக்குள்ள எறங்கினா இருட்டு, ஏறி வந்தா தூக்கம். மேல வெளையறதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அவளாண்டயே பேசுங்க."

கவுடர் அக்கா பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நிலம் கிடைத்தது.

கோசு, கத்திரி, வெண்டை, கீரை. அக்கா தனியாக நின்று பண்ணியது கோசு மட்டும்தான். மற்றதற்கெல்லாம் பேத்தமங்களாவிலிருந்து ரத்னம்மா, வெங்கடம்மா, சின்னத்தாயி மூன்று பேரும் வந்தார்கள். யார் எதைச் செய்தாலும் அது அவர்கள் பேரிலேயே மார்க்கெட்டுக்கு வரும். நல்லதுக்கு மட்டும் இல்லை. ஒரு தடவை வெண்டைக்காய் முழுக்கப் புழு. அக்கா அதைத் தனியாகக் குவித்து வைத்துக்கொண்டு, "இது நான் மருந்தடிச்ச வெண்டக்கா! சரியா அடிக்கல! மாட்டுக்கு வேணும்னா எடுத்துகினு போங்க!" என்று அதே தொண்டையில் கூவியது. பக்கத்துக் கடைக்காரன், "இன்னா அக்கா, வியாபாரத்த நீயே கெடுத்துக்கிற" என்றான். "வெங்கடம்மா களை எடுத்ததுன்னு நேத்து கூவினேன் இல்ல? இன்னிக்கு சும்மா இருந்தா அவளதானே ஊரு திட்டும்?" என்றது அக்கா.

பேத்தமங்களாவுக்கு பஸ் இருந்தது. ஆனால் பஸ் வருகிற நேரத்துக்குக் கீரை வாடிவிடும். ஒரு நாள் அக்கா என் கடைக்கு வந்து, உள்ளே சுவரில் சாய்த்து வைத்திருந்த லேடீஸ் சைக்கிளைக் காட்டியது.

"இது யாருது நைனா?" என்னை அப்படித்தான் கூப்பிடும்.

"ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தங்க வித்துட்டுப் போனாங்க. யாரும் எடுக்கறதில்ல."

"நான் எடுக்கறேன். கத்துக் குடு."

அப்போது அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் பெரிய கிளாஸ் படித்துக்கொண்டிருந்தார்கள். சேலை கட்டின, முப்பதைத் தாண்டின பொம்பளை சைக்கிள் விடுவதை நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்ட நேரத்தில், பந்து விளையாடுகிற மைதானத்தில் ஆரம்பித்தோம். சர்ச்சுக்குப் போனவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகாமல் மைதானத்தைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அக்கா மிதித்த மிதியில் சைக்கிள் நேராகப் போய், கோல் கம்பத்தில் மோதி, அக்கா ஒரு பக்கமும் சைக்கிள் ஒரு பக்கமும் விழுந்தது. எழுந்ததும் முதல் வேலையாகக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது:

"நைனா நல்லாத்தான் புடிச்சான்! நான்தான் கம்பத்தப் பாத்துகினே ஓட்டினேன்!"

விழுந்ததற்குக்கூட யார் காரணம் என்று சரியாகச் சொல்லிவிட வேண்டும் அதற்கு.

மழைக்காலம் முடிவதற்குள் அக்கா பின்னால் கூடையைக் கட்டிக்கொண்டு பேத்தமங்களா ரோட்டில் போக ஆரம்பித்துவிட்டது. தங்கம் எடுத்த கழிவு மண்ணைக் குவித்த சயனைடு மேட்டைத் தாண்டி இறங்குகிற இடத்தில் பிரேக்கே பிடிக்காது. எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். மணி அடிப்பதற்குப் பதில் கூவுகிற பொம்பளை அது.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் திம்மப்பா வந்தான். ரத்னம்மாவின் புருஷன். கறுப்பாக, ஒடிசலாக, தோளில் சிவப்புத் துண்டோடு மார்க்கெட்டுக்குள் வேகமாக நடந்து வந்து அக்காவின் கூடைக்கு முன்னால் நின்றான். அவர்கள் ஊரில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார்கள்.

"மான மரியாதெ இல்வா நிமகெ? என் பொண்டாட்டி பேர பஜார்ல கூவறதுக்கு நீ யாரு? கண்டவன் வாயில எல்லாம் அவ பேரு! என்னை எல்லாரும் ரத்னம்மா கத்திரிக்கா புருஷன்னு கூப்பிடறானுங்க! நாளையிலேருந்து அவ உன் தோட்டத்துக்கு வரமாட்டா!"

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். மற்ற கடைக்காரர்கள் காய் அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டார்கள். வெற்றிலைக் கடைக்காரர் மட்டும், "அவன் சொல்றதும் நாயம்தானே" என்று வாய்க்குள் சொன்னார்.

அக்கா அன்றைக்கு மீதி நேரம் கூவவில்லை. யாராவது கேட்டால் எடுத்துக் கொடுத்தது. குமாஸ்தா வந்து, "ரத்னம்மா சௌக்கியமா?" என்றதற்குக்கூட "ம்" என்றது. கூடையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது என் கடையில் நின்று தண்ணீர் கேட்டது. குடித்துவிட்டு, போகாமல் நின்றது.

"நைனா, நல்லதுன்னு நெனச்சிகினு அவ குடும்பத்துல நெருப்பு வெச்சிட்டனா நான்?"

"எதுக்கு அக்கா பேர் சொல்லிக் கூவணும்னு உனக்குத் தோணுச்சு?" என்று கேட்டேன். அத்தனை நாள் பழகியும் அதை நான் கேட்டதில்லை.

அக்கா டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தது.

"எங்கம்மா குடியாத்தம் பக்கம் நடவுக்குப் போனவ. நாத்து புடுங்கறது, நடறது, களை எடுக்கறது, அறுக்கறது, தூத்தறது, எல்லாம் அவதான். ஒரு நாளு ஜனக்கணக்கு எடுக்க ஆளு வந்தான். எங்கப்பனாண்ட, 'உங்க சம்சாரம் இன்னா வேலை பண்றாங்க?'ன்னு கேட்டான். எங்கப்பன், 'அவ ஒண்ணியும் பண்ணல, வூட்டுலதான் கீறா'ன்னுச்சு. எங்கம்மா அப்பதான் வயல்ல இருந்து வந்து நிக்கறா. முட்டி வரைக்கும் சேறு. வந்தவனும் பாக்கறான், எங்கப்பனும் பாக்குது. ஒருத்தன் கண்ணுக்கும் அந்தச் சேறு தெரியல. எங்கம்மாவும் ஒண்ணியும் சொல்லல. காலைக் கழுவிகினு அடுப்பு பத்த வெக்கப் போயிட்டா."

அக்கா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டது. "எங்கப்பன் கெட்டது இல்ல நைனா. அதுக்குத் தெரியல, அவ்ளோதான்."

ரத்னம்மா வரவில்லை. கத்திரி நாற்று மேட்டுப்பாத்தியில் வளர்ந்துகொண்டே போனது. இன்னும் தள்ளினால் முற்றிவிடும், பிடுங்கி நட்டாலும் வேர் பிடிக்காது. வேறு ஆளை வைத்து நடச் சொன்னாள் வெங்கடம்மா. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அவ விட்ட நாத்து. அவளக் கேக்காம தொடமாட்டேன்" என்றது. அந்த வாரக் கடைசியில் என் கடைக்கு வந்து, "நீயும் வா நைனா, திம்மப்பா வூட்டுக்குப் போலாம்" என்றது.

"நான் எதுக்கு அக்கா?"

"அவன் மண்வெட்டியத் தூக்கினான்னா, ஓடறதுக்கு உன் சைக்கிளுதான் வேகம்."

போனோம். ஊருக்கு ஓரத்தில், ஓடு வேய்ந்த சின்ன வீடு. திம்மப்பா வாசலில் மாட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளேயிருந்து ரத்னம்மா வந்து நிலைப்படியில் நின்றாள். எத்தனையோ நாள் கேட்ட பேருக்கு அன்றுதான் எனக்கு முகம் தெரிந்தது. சின்ன உருவம். பெரிய மூக்குத்தி. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திம்மப்பா மறுபடி ஆரம்பித்தான். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டது. அவன் முடித்ததும் அவனைத் தாண்டி ரத்னம்மாவைப் பார்த்தது.

"நீ சொல்லு ரத்னம்மா. உன்ன கேக்காமயே உன் பேர கூவினேன். அது என் தப்புதான். வேணாம்னா வேணாம்னு சொல்லு, விட்டுடறேன். உனக்கு எப்பிடி கீது?"

யாரும் அவளிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மூக்குத்தியைத் திருகினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கூவறது நல்லாத்தான் இருக்கு அக்கா" என்றாள். திம்மப்பாவின் கையிலிருந்த தழை அப்படியே நின்றது. "ஆனா நீ தப்பாக் கூவற."

"தப்பா?" என்றது அக்கா.

"ரத்னம்மா நட்ட கத்திரிக்கா, ரத்னம்மா நட்ட கத்திரிக்கான்னு கூவறியாம். நட்டது மட்டுமா நானு? முத்தின காயப் பாத்து விதைக்கு நிறுத்தினது யாரு? விதை எடுத்து, அலசி, சாம்பல்ல பொரட்டிக் காய வெச்சது யாரு? நாத்து விட்டது யாரு? அதெல்லாம் ஏன் சொல்லல?"

அக்கா வாயைத் திறந்து மூடியது. அதற்குப் பேச்சு வராமல் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு சிரிக்க ஆரம்பித்தது. ரத்னம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

திம்மப்பா தழையைக் கீழே போட்டான். கோபப்படப் போகிறான் என்று நான் சைக்கிள் பக்கம் ஒரு அடி வைத்தேன். அவன் குரல் ஏனோ இறங்கியிருந்தது.

"எல்லாம் சரி. தண்ணி பாய்ச்சினது யாரு? மடையில தண்ணி வராத நாள்ல கிணத்துல கவலை ஓட்டி, மாட்ட முன்னயும் பின்னயும் நடத்தி, தோல் சால்ல எறச்சு ஊத்தினது யாரு? அத ஒருத்தரும் கூவலியே."

அப்போதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. அவன் மனசில் குத்திக்கொண்டிருந்தது இதுதான்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டது. "ஏம்பா திம்மப்பா, உன் பேரு ரேஷன் கார்டுல மொத வரில கீது. கோயில்ல தலைக்கட்டு வரி வாங்கறப்ப உன் பேரத்தான் படிக்கறாங்க. அவ பேரு எங்க கீது, சொல்லு? என் வாயில மட்டும்தான் கீது."

திம்மப்பா மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"சரி போ" என்றது அக்கா. "நீயும் பாடுபட்டவன்தான். உனக்கும் ஒரு நாளு கூவறேன். ஒரே ஒரு நாளு."

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. ரத்னம்மா எங்களுக்கு மோர் கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் நாற்றைப் பிடுங்கி அவளே நட்டாள்.

அந்தக் கத்திரி காய்த்து மார்க்கெட்டுக்கு வந்த அன்று அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. "ரத்னம்மா விதை எடுத்து, நாத்து விட்டு, அவளே நட்ட கத்திரிக்கா! இன்னிக்கு மட்டும், திம்மப்பா தண்ணி பாய்ச்சின கத்திரிக்கா!" மூச்சு வாங்கியது. திம்மப்பா என் கடையில் ஒரு பழைய டயரைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு சைக்கிளே கிடையாது. குமாஸ்தா வந்து, "இது யாரும்மா திம்மப்பா?" என்று கேட்டபோது, டயரை வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

அதற்கடுத்த வருஷம் குளிர் நாளில் அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணெல்லாம் மஞ்சள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நானும் என் மனைவியும் போய்ப் பார்த்தோம். அந்தப் பெரிய உடம்பு கட்டிலோடு ஒட்டிக் கிடந்தது. எதைக் கொடுத்தாலும் கசக்கிறது என்று தள்ளிவிட்டது. கஞ்சி வைத்த டம்ளர் ஆறிப்போய் ஆடை கட்டி நின்றது. வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து நேராக வந்து, குளிக்காமல்கூட, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "பேசவே மாட்டேங்கறா" என்றார் என்னிடம். அவர் கண் கலங்கியிருந்தது.

தோட்டத்தில் கோசு விளைந்து நின்றது. அறுக்காமல் விட்டால் வெடித்துவிடும். இனி யார் கொண்டுவந்து விற்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சமயம், ஒரு நாள் காலையில் மார்க்கெட் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தது திம்மப்பா. பின்னாலிருந்து ரத்னம்மா, வெங்கடம்மா, சின்னத்தாயி மூன்று பேரும் இறங்கினார்கள். மூட்டையை இறக்கி, அக்கா உட்காருகிற இடத்தில் கோசைக் குவித்தார்கள். குவித்துவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் கூவிப் பழக்கமில்லை.

கடைசியில் சின்னத்தாயிதான் ஆரம்பித்தாள். முதல் தடவை குரல் எழும்பவே இல்லை. ரத்னம்மா சேர்ந்துகொண்டாள். அப்புறம் வெங்கடம்மா. மத்தியானத்துக்குள் ஒரு கோசு மிச்சமில்லை.

நான் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு சைக்கிளை மிதித்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

"அக்கா, உன் கோசு எல்லாம் வித்துப்போச்சு."

கண் திறந்தது. "யாரு வித்தது?"

சொன்னேன். வண்டி வந்தது, மூன்று பேரும் இறங்கியது, எல்லாம். அக்கா மெதுவாகக் கேட்டது. "இன்னா சொல்லி வித்தாளுங்க?"

"'எங்க அக்கா வெச்ச கோசு, எங்க அக்கா தனியா நின்னு வளத்த கோசு'ன்னு கூவினாங்க. விதை போட்டதுலேருந்து அறுக்கிற பருவம் வரைக்கும் நீ என்னென்ன பண்ணினியோ அத்தனையும் சொன்னாங்க. காயைக் குடுக்கறதுக்கு முன்னாடி முழுசா சொல்லி முடிச்சிட்டுத்தான் குடுத்தாங்க. வாங்க வந்தவங்க நின்னு கேட்டுத்தான் ஆகணும்."

"சத்தமாவா?"

"என் கடை வரைக்கும் கேட்டுது."

"அவ்ளோதானா?"

"மெயின் ரோடு வரைக்கும் கேட்டுது அக்கா."

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. கண்ணோரம் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைத்துக்கொள்ளவில்லை. அடுத்த கட்டில் அம்மா, "இன்னாம்மா, எதுக்கு அழற?" என்று கேட்டாள். அக்கா கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தது. வீட்டுக்காரர் முதுகில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார்.

"தொண்டையில உசிரு இருந்தாத்தான் அவளுங்களுக்குப் பதில் கூவ முடியும்" என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் பக்கம் கையை நீட்டியது. "அந்தக் கஞ்சிய இப்பிடி குடு."